மாற்றிய வீல் பேரிங் நான்கே மாதத்தில் மறுபடி ஊளையிடுவது ஏன்?

கேள்வி இதுதான்: முன்சக்கர இழுவை உள்ள சிறிய கார், 78,000 கி.மீ. ஓடியது. இடது முன்சக்கரத்தில் ஊளைச் சத்தம் வந்ததால் பட்டறையில் வீல் பேரிங் (சக்கரம் லேசாகச் சுழலத் தாங்கும் குண்டு வளையம்) மாற்றப்பட்டது. நான்கு மாதத்தில், சுமார் 4,000 கி.மீ. ஓடியதும் அதே சத்தம் திரும்பிவிட்டது. பேரிங் போலியா, வேலை சரியில்லையா, ஹப்பையும் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) சேர்த்து மாற்றியிருக்க வேண்டுமா? கருவிகள் கிடைத்தால் நாமே செய்ய முடியுமா?

சுருக்கமான பதில்: சீல் (தண்ணீரும் தூசியும் புகாமல் காக்கும் மூடி) கெடாத நல்ல பேரிங் ஒரு லட்சம் கி.மீ. தாண்டுவது சாதாரணம். 4,000 கி.மீ.யில் போன பேரிங் சாலையில் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. பிரஸ்ஸில் (ஹைட்ராலிக் அழுத்து இயந்திரம்) வைத்து அழுத்திய அந்த இரண்டு நிமிடத்திலோ, ஆக்ஸில் நட்டை முறுக்கியபோதோ அது கெட்டிருக்கும். போலிச் சரக்கு சந்தையில் இருப்பது உண்மைதான். ஆனால் அதைச் சந்தேகிக்கும் முன் பொருத்திய விதத்தைச் சந்தேகியுங்கள். நாமே செய்ய முடியுமா என்றால், முடியும். பிரஸ் வேலையை மட்டும் லேத் பட்டறையில் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் கீழே விரிவாக எழுதுகிறேன்.

இந்த வகைக் கார்களின் முன் பேரிங்கில் வெளியே ஒரே அவுட்டர் ரேஸ் (வெளி வளையம்), அதற்குள் இரண்டு வரிசைக் குண்டுகள், நடுவில் இரண்டு துண்டாக இன்னர் ரேஸ் (உள் வளையம்) இருக்கும். அவுட்டர் ரேஸ், சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பாகமான நக்கிளின் துளைக்குள் இறுக்கமாக உட்காரும். ஹப்பின் கழுத்து இன்னர் ரேஸுக்குள் இறுக்கமாக நுழையும். அந்த இரண்டு இன்னர் துண்டுகளையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்துவைப்பது, எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் பெரிய நட், அதாவது ஆக்ஸில் நட். இந்த அமைப்பு மனதில் பதிந்துவிட்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, தானாகவே புரியும்.

குண்டு ரேஸைத் தொடுவது ஊசிமுனை அளவு இடத்தில். சக்கரம் சுற்றும்போது பாரம் பல குண்டுகளில் பிரிந்துவிடும், அதைத் தாங்கத்தான் பேரிங் செய்யப்பட்டிருக்கிறது. பிரஸ் கொடுக்கும் டன் கணக்கான அழுத்தம் பக்கவாட்டில் குண்டுகளின் வழியாகப் போனால், கண்ணாடி மாதிரி இருக்கும் ரேஸில் ஒவ்வொரு குண்டும் ஒரு சிறு பள்ளம் போட்டுவிடும். கையால் சுற்றிப் பார்த்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓட ஓட அந்தப் பள்ளத்தின் விளிம்பு பெயர்ந்து செதில் செதிலாக உதிரும். ஊளை வருவது அப்போதுதான்.

கழற்றும் முன் உறுதி செய்ய வேண்டியவை

மறுபடியும் பேரிங்தானா என்பதை முதலில் பாருங்கள். டயரும் இதே மாதிரிதான் கத்தும். பேரிங் சத்தம் வேகத்தோடு ஏறும், கியரை நியூட்ரலில் போட்டாலும் மாறாது, தார் சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்குப் போனாலும் அவ்வளவாக மாறாது. டயர் சத்தமோ சாலை மாறியதும் மாறிவிடும். 60 கி.மீ. வேகத்தில், ஆளில்லாத அகலமான சாலையில், ஸ்டீயரிங்கை மெதுவாக வலதுபக்கம் ஒடித்துப் பாருங்கள். வண்டியின் எடை இடதுபக்கம் சாயும். சத்தம் கூடினால் பெரும்பாலும் இடது பேரிங், இடதுபக்கம் ஒடிக்கும்போது கூடினால் வலது. காதை மட்டும் நம்பிப் பக்கத்தைச் சொல்லாதீர்கள். உலோக உடல் சத்தத்தைக் கடத்துவதால் வலதுபக்கக் கோளாறு இடதுபக்கம் கேட்பது உண்டு. போன தடவை நல்ல பேரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டுக் கெட்டதை அப்படியே விட்டிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. மாற்றிய பிறகு சத்தம் முழுதாக நின்றதா, குறைந்தது மாதிரி மட்டும் தெரிந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை வைக்கக் கூடாது. ஒரு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தை வேகமாகச் சுற்றுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக உள்ளங்கையில் தெரியும். இது காதைவிட நம்பகமான சோதனை. இரண்டு பக்கமும் செய்து ஒப்பிடுங்கள். பிறகு டயரின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் (நக்கிளைச் சஸ்பென்ஷனின் கீழ்க் கையோடு இணைக்கும் மூட்டு). பக்கவாட்டில் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் என்றால் டை ராடு எண்டை (நக்கிளை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் மூட்டு) பாருங்கள். முழுதாக ஒடித்துத் திரும்பும்போது மட்டும் டக் டக் என்று வருவது டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயின்ட், அதற்குப் பேரிங் மாற்றிப் பயனில்லை.

ஊளை மட்டும் இருந்து ஆட்டம் இல்லை என்றால் வேலைக்கு நாள் பார்க்க அவகாசம் உண்டு. ஆட்டம் வந்துவிட்டால் வண்டியை நிறுத்திவிடுங்கள். ஹப் ஆடும்போது டிஸ்க்கும் சேர்ந்து ஆடி பிரேக் பேடைப் பின்னால் தள்ளிவிடும். வளைவு தாண்டி மிதிக்கும் முதல் பிரேக் ஆழமாக இறங்குவது அதனால்தான்.

கழற்றுவது

சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்ஸில் நட்டைத் தளர்த்த வேண்டும். அதன் உதடு ஷாஃப்ட்டின் பள்ளத்தில் தட்டி மடக்கப்பட்டிருக்கும். மெல்லிய உளியால் அதை முதலில் நிமிர்த்துங்கள். நிமிர்த்தாமல் முறுக்கினால் ஷாஃப்ட்டின் மரை போய்விடும். நட் பெரும்பாலும் 30 அல்லது 32 மி.மீ. சாக்கெட் அளவு. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் வைத்து, ஒருவர் பிரேக்கை மிதிக்க, நீளமான பைப் போட்ட கம்பியால் ஒரு கால் சுற்று மட்டும் தளர்த்தினால் போதும். தளர்ந்த பிறகு வண்டியை ஒரு அடிகூட உருட்டக் கூடாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

தூக்கி நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றியதும் காலிப்பரின் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) இரண்டு போல்ட்டைக் கழற்றி, காலிப்பரைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள். டிஸ்க் துருவால் ஒட்டியிருந்தால் அதிலேயே இரண்டு மரைத் துளை இருக்கும். பெரும்பாலும் 8 மி.மீ. மரைதான். இரண்டு போல்ட்டை மாறி மாறி முறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே வந்துவிடும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்ஸார் இருந்தால் அதன் 10 மி.மீ. தலை போல்ட்டைக் கழற்றி, துருநீக்கி எண்ணெய் விட்டுப் பொறுமையாக அசைத்து எடுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் சென்ஸாரும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும்.

டை ராடு எண்டைப் பிரிக்க இழுப்பான் இல்லாவிட்டால், நட்டை இரண்டு மரை விட்டுத் தளர்த்தி, நக்கிளின் கையைப் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் இரண்டு மூன்று அடி தட்டுங்கள், விட்டுக்கொடுக்கும். மரையின் மேல் அடிக்க வேண்டாம். லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட், ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) இரண்டு போல்ட் ஆகியவற்றைக் கழற்றும் முன் ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறி வையுங்கள். துளையில் இருக்கும் சிறு இடைவெளியிலேயே கேம்பர் (சக்கரம் நிற்கும் சாய்வு) மாறிவிடும். கோடு பார்த்துப் பொருத்தினாலும் பிறகு ஒருமுறை அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும்.

டிரைவ் ஷாஃப்ட் ஹப்பிலிருந்து வர மறுத்தால், நட்டை மரை முனையோடு சமமாக இருக்கும்வரை திருப்பி வைத்து, மரக்கட்டையை இடையில் கொடுத்துத் தட்டுங்கள். ஷாஃப்ட்டை வெளிப்பக்கம் இழுக்கக் கூடாது. உள் ஜாயின்ட் கழன்றால் கியர் ஆயில் கொட்டும், பூட் கிழியும். வெளியே வந்ததும் ஷாஃப்ட்டையும் கம்பியால் கட்டித் தாங்கி வையுங்கள்.

பிரஸ்: எல்லாம் நடக்கும் இடம்

சிறிய காருக்கு 12 டன் ஹைட்ராலிக் பிரஸ் போதும். துரு ஏறிய நக்கிளுக்கு 20 டன் இருந்தால் நிம்மதி. நக்கிளைத் தாங்கி வைத்து முதலில் ஹப்பை வெளியே தள்ள வேண்டும். தள்ளும்போது வெளிப்பக்க இன்னர் ரேஸ் ஹப்போடு ஒட்டிக்கொண்டே வரும், அதில் தவறில்லை, பழைய பேரிங் போகட்டும். பிறகு சர்க்லிப்பை (பேரிங் நழுவாமல் பிடிக்கும் வளையக் கிளிப்) எடுங்கள். சில நக்கிளில் ஒன்று, சிலவற்றில் இரண்டு இருக்கும். சர்க்லிப் இருப்பதை மறந்து அழுத்தி நக்கிளையே உடைத்தவர்கள் உண்டு. அழுக்கும் துருவும் மூடியிருக்கும், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஹப்பில் ஒட்டிய இன்னர் ரேஸை எடுக்கப் பேரிங் இழுப்பான் நல்லது. இல்லாவிட்டால் கிரைண்டரால் ரேஸின் தடிமனில் முக்கால் பங்கு மட்டும் சாய்வாக அறுத்து, உளியை வைத்து ஓர் அடி கொடுங்கள். ரேஸ் கடினமான எஃகு, டக்கென்று வெடித்துவிடும். கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதீர்கள். அறுவை ஹப்பின் கழுத்துவரை இறங்கிவிட்டால் அந்த ஹப்பின் கதை முடிந்தது.

ஹப்பையும் மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் கிடைக்கும். கழுத்தில் நீலம் பாரித்திருக்கிறதா, ரேஸ் வழுக்கிச் சுற்றியதால் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா, விரல் நகம் தட்டும் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய பேரிங்கின் இன்னர் ரேஸ் கையாலேயே ஹப்பில் முழுதாக ஏறினால் ஹப்பை மாற்றுங்கள், யோசிக்கவே வேண்டாம். அது பிரஸ்ஸில்தான் ஏற வேண்டும். சக்கரம் பொருந்தும் தட்டு நெளிந்திருந்தாலும் மாற்ற வேண்டும். டயல் கேஜ் வைத்து ஒரு சுற்றில் 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினால் டிஸ்க்கின் விளிம்பில் அது இன்னும் பெருகி, பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் உதறும்.

நக்கிளின் துளைக்கும் இதே விதி. புதிய பேரிங் பிரஸ்ஸின் சீரான எதிர்ப்போடு உள்ளே போக வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் துளை தேய்ந்திருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் துளைக்குள் பஞ்ச்சால் சுற்றிலும் புள்ளி குத்தியோ, தகரத் துண்டைச் சொருகியோ "டைட் ஆயிடுச்சு சார்" என்று கொடுப்பது பரவலாக நடக்கிறது. தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். புள்ளிகளின் மேட்டில் மட்டும் தாங்கும் அவுட்டர் ரேஸ் வட்டமாக இருக்காது. அந்த மேட்டைக் கடக்கும் ஒவ்வொரு குண்டும் நசுங்கும், மேடும் சில நாளில் தேய்ந்து பேரிங் மறுபடி வழுக்கும். உங்கள் காரில் 4,000 கி.மீ.யில் பேரிங் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். கழற்றியதும் துளையை விளக்கடித்துப் பாருங்கள். புள்ளிகள் இருந்தால் நக்கிளை மாற்றுவதுதான் வழி. நல்ல நிலையில் இருக்கும் பழைய நக்கிள் கழிவு வாகனக் கடைகளில் கிடைக்கும்.

துளை நன்றாக இருந்தால் மெல்லிய எமரியால் துருவை மட்டும் எடுத்து, துணியால் துடைத்து, லேசாக எண்ணெய் தடவுங்கள். புதிய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவ வேண்டாம், கூடுதல் கிரீஸ் திணிக்கவும் வேண்டாம். வேண்டிய கிரீஸ் உள்ளேயே இருக்கிறது. முதல்நாள் இரவு பேரிங்கைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் வேலை எளிதாகும். 75 மி.மீ. விட்டமுள்ள எஃகு 50 டிகிரி குளிர்ந்தால் விட்டத்தில் சுமார் 0.04 மி.மீ. சுருங்கும், இந்த இறுக்கத்துக்கு அதுவே கணிசம். நக்கிளை வேண்டுமானால் 80 முதல் 100 டிகிரிவரை சூடாக்கலாம். கேஸ் வெல்டிங் தீயை நேராகக் காட்டக் கூடாது. சீல் உள்ள பேரிங்கைச் சூடுபடுத்தவே கூடாது.

இப்போது இரண்டு அழுத்தங்கள், இரண்டு தனித்தனி விதிகள்.

முதலாவது, பேரிங்கை நக்கிளுக்குள் இறக்குவது. அழுத்தம் அவுட்டர் ரேஸின் மேல் மட்டும் விழ வேண்டும். பழைய பேரிங்கின் அவுட்டர் ரேஸை வெளிவட்டத்தில் சிறிது கிரைண்ட் செய்து வைத்துக்கொண்டால் அதுவே நல்ல அச்சு. நேராக ஆரம்பிக்கிறதா என்று நான்கு பக்கமும் பாருங்கள். சாய்ந்தால் உடனே நிறுத்தி, வெளியே எடுத்து மறுபடி வையுங்கள். சாய்ந்ததை அழுத்தியே நேராக்கப் பார்த்தால் துளை உரிந்துவிடும். அடியில் போய் உட்கார்ந்ததும் பிரஸ்ஸின் கை திடீரென்று இறுகும், சர்க்லிப்பின் பள்ளம் முழுதாகத் தெரியும். பள்ளம் பாதி மூடியிருந்தால் பேரிங் இன்னும் உட்காரவில்லை.

இரண்டாவது, ஹப்பை பேரிங்குக்குள் இறக்குவது. பெரும்பாலான தவறு நடப்பது இங்கேதான். நக்கிளைப் பிரஸ் மேசையின் மேல் அப்படியே வைத்து, ஹப்பை மேலிருந்து அழுத்தினால் என்ன ஆகும்? ஹப் இன்னர் ரேஸைக் கீழே தள்ளும், நக்கிள் அவுட்டர் ரேஸைப் பிடித்து நிற்கும், நடுவில் குண்டுகள் முழு அழுத்தத்தையும் வாங்கும். சில பேரிங்கில் அடிப்பக்க இன்னர் ரேஸ் சீலையும் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்துவிடும். அதைத் தட்டி உள்ளே போட்டால் சீலின் உதடு மடங்கியிருக்கும், தண்ணீருக்கு வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே ஹப்பை இறக்கும்போது பேரிங்கின் அடிப்பக்க இன்னர் ரேஸை மட்டும் தொடும் அளவுள்ள கனமான பைப் துண்டு ஒன்று கீழே தாங்கி நிற்க வேண்டும். நக்கிள் மேசையைத் தொடாமல் அந்தப் பைப்பின் மேல் நிற்க வேண்டும். அப்போது ஹப் தள்ளும் விசை இன்னர் ரேஸிலேயே முடிந்துவிடும், குண்டுக்குப் போகாது.

லேத் பட்டறையில் இந்த ஒரு விஷயத்தைப் பாருங்கள்: ஹப் இறங்கும் நேரத்தில் பேரிங்கின் உள் வளையத்துக்கு அடியில் பைப் இருக்கிறதா? இல்லையென்றால் பிரஸ்ஸின் கையை இறக்கும் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு சொல்லிப் பயனில்லை. சுத்தியலால் அடித்து ஏற்றுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நக்கிளைக் கழற்றாமலே வண்டியில் வைத்துச் செய்ய, நீண்ட மரைக் கம்பியும் பல அளவு கிண்ணங்களும் கொண்ட செட் கிடைக்கிறது. விதி அதேதான், அலைன்மென்ட் கலையாது என்பது கூடுதல் நன்மை. மரையில் நிறைய கிரீஸ் தடவிக் கையால் முறுக்குங்கள், ஏர் கன் (காற்றழுத்தத்தில் முறுக்கும் கருவி) போட்டால் கம்பியின் மரை உரிந்துவிடும்.

ஏபிஎஸ் பக்கம்

2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்தியாவில் விற்பனைக்கு வந்த புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். பல கார்களில் சக்கர வேகத்தை அளக்கும் காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் சென்ஸாரை, அதாவது வண்டியின் உட்பக்கத்தை, பார்த்து இருக்க வேண்டும். இரண்டு சீலும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். காந்தப் பக்கம் பெரும்பாலும் அடர்பழுப்போ கறுப்போ ஆன மட்டமான முகம். ஒரு சிறு குண்டூசியை அருகே கொண்டுபோனால் ஒட்டும். மாற்றி வைத்துவிட்டால் டாஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு அணையாது, மொத்த வேலையையும் மறுபடி செய்ய வேண்டும், ஒருமுறை பிரித்த அந்தப் பேரிங்கும் வீண். பேரிங்கை ஸ்பீக்கர், காந்தத் தட்டு ஆகியவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள். கிரைண்டிங் தூள் படியும் மேசையில் உறையைப் பிரிக்காதீர்கள். பல்சக்கர வளையம் டிரைவ் ஷாஃப்ட்டில் இருக்கும் கார்களில் இந்தக் கவலை இல்லை.

நட்

எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இங்கே கெடுப்பவர்கள் ஏராளம். இன்னர் ரேஸின் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடிப்பது இந்த நட்தான் என்று முதலிலேயே சொன்னேன். பேரிங்கின் உள் இறுக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தொழிற்சாலையில் கணக்கிட்டு ரேஸை அரைத்திருக்கிறார்கள். நட்டைக் குறித்த முறுக்குக்கு இறுக்கினால்தான் அந்த இறுக்கம் வரும். குறைந்தால் துண்டுகள் விலகும், குண்டு ரேஸின் ஓரத்தில் ஓடும். நட் தளர்ந்த வண்டியைத் தரையில் இறக்கினாலோ உருட்டினாலோ பேரிங் கெடுவது இதனால்தான். டிரைவ் ஷாஃப்ட் இல்லாமல் காரை நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் கழன்ற வெளி ஜாயின்ட் ஒன்றை ஹப்பில் சொருகி நட் போட்டு இறுக்கிய பிறகே நகர்த்த வேண்டும்.

முறுக்கின் அளவு காருக்குக் கார் மாறும், உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும் எண்தான் சரி. புரிதலுக்காக ஓர் உதாரணம்: 175 நியூட்டன் மீட்டர் என்றால் ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் சுமார் 18 கிலோ தொங்கவிட்ட விசை. டார்க் ரிஞ்ச் (முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பானர்) இல்லாவிட்டால் வாடகைக்கு எடுங்கள். ஏர் கன்னால் "டர்ர்" என்று ஏற்றுவது இரண்டு விதத்தில் கெடுதல்: எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் தெரியாது, அதன் அடி புதிய பேரிங்கின் குண்டுகள்மேல் விழும். நட் புதியதாக இருக்கட்டும். இறுக்கும்போது சக்கரம் அந்தரத்தில் இருக்க, ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்கட்டும். முழு முறுக்கு ஏறிய பிறகே வண்டியைத் தரையில் இறக்கி, நட்டின் உதட்டைப் பள்ளத்தில் மடக்குங்கள்.

டிராக்டர், டிரெய்லர், லாரி வேலை பழகிய கைகள் இங்கே தவறுவது உண்டு. அவற்றில் இருப்பது குண்டுக்குப் பதில் கூம்பு உருளைகள் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங், அதன் விதி நேர் எதிரானது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி ரோலர்களை உட்காரவைத்து, பிறகு முழுதாகத் தளர்த்தி, விரலால் இறுகும் அளவுக்கு மட்டும் திருப்பி நிறுத்த வேண்டும். பக்கவாட்டு ஆட்டம் 0.025 முதல் 0.125 மி.மீ. வரை இருக்கலாம். ஸ்பிளிட் பின் துளை ஒத்துவராவிட்டால் அடுத்த துளைக்குத் தளர்த்துங்கள், இறுக்காதீர்கள். கிரீஸை உள்ளங்கையில் வைத்து ரோலர்களின் இடையில் மறுபக்கம் பிதுங்கும்வரை திணிக்க வேண்டும். ஆனால் ஹப்பின் வயிற்றை முழுதாக நிரப்பினால் சூடேறிய கிரீஸ் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்குக்குள் போகும், பாதிக்கு மேல் வேண்டாம். அந்தப் பழக்கத்தில் கார் நட்டையும் "கொஞ்சம் லூஸ் விட்டால்தான் சுலபமாகச் சுற்றும்" என்று விட்டால் பேரிங் தப்பாது.

கழற்றிய பேரிங் சாட்சி சொல்லும்

இந்த முறை கழற்றும் பேரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள். இன்னர் துண்டுகளை இழுத்து எடுத்து, கிரீஸை டீசலில் கழுவி, வெளிச்சத்தில் ரேஸைப் பாருங்கள். சம இடைவெளியில், குண்டுக்கு ஒன்றாக வரிசையாகப் பள்ளம் இருந்தால், பிரஸ் விசை குண்டு வழியாகப் போயிருக்கிறது. கடும் குழியில் விழுந்த அடியும் இப்படிப் பள்ளம் போடும். ஆனால் அது பாரம் விழும் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும், சுற்றிலும் இருக்காது. அவுட்டர் ரேஸில் ஓரிரு இடத்தில் மட்டும் செதில் உதிர்ந்திருந்தால் நக்கிளின் துளை வட்டமாக இல்லை. அவுட்டர் ரேஸின் வெளிமேற்பரப்பில் செம்பழுப்புத் தூளும் பளபளப்பும் இருந்தால் அது துளைக்குள் வழுக்கியிருக்கிறது. இரண்டு இன்னர் துண்டும் சேரும் முகங்கள் உரசித் தேய்ந்திருந்தால் நட் தளர்வு. கிரீஸ் பால் மாதிரி வெளுத்தோ ரேஸ் துருவோடோ இருந்தால் தண்ணீர். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளம் மாதிரி சக்கர அச்சுக்கு மேல் தண்ணீரில் நின்ற வண்டிகளில் பேரிங் உடனே கத்தாது, சில மாதம் கழித்துத்தான் கத்தும். ரேஸ் முழுக்க துணி துவைக்கும் பலகை போலச் சன்னமான வரிகள் இருந்தால், மின்சாரம் பேரிங் வழியாகப் போயிருக்கிறது. இந்த அடையாளங்கள் எதுவும் இல்லாமல் ரேஸ் மொத்தமும் சொரசொரத்து, குண்டுகள் நிறம் மங்கியிருந்தால் அப்போது போலிச் சரக்கைச் சந்தேகியுங்கள்.

வாங்கும்போது பெட்டியை மட்டும் பார்க்காமல் பேரிங்கின் மேல் லேசரில் பொறித்த எண்ணைப் பாருங்கள். எஸ்கேஎஃப், என்எஸ்கே, என்டிஎன், எஃப்ஏஜி, என்பிசி எதுவானாலும் எழுத்து சீராக இருக்கும், விரலால் தேய்த்தால் அழியாது. பழையதன் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் வெர்னியரில் அளந்து ஒப்பிடுங்கள். சில பேரிங்கில் இன்னர் ரேஸின் அகலமும் அவுட்டர் ரேஸின் அகலமும் வேறுவேறு. கெட்ட பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும், நன்றாக இருக்கும் மறுபக்கத்தைத் தொட வேண்டியதில்லை.

மற்ற வகைகள், சுருக்கமாக

பேரிங்கும் ஹப்பும் ஒரே துண்டாக வந்து, பின்னாலிருந்து மூன்று அல்லது நான்கு போல்ட்டில் நக்கிளோடு மாட்டும் வகையில் பிரஸ்ஸே தேவையில்லை. கஷ்டம் துருவில்தான். முதல்நாளே துருநீக்கி விட்டு ஊறவைத்து, போல்ட்டுகளைப் பாதி தளர்த்தி அவற்றின் தலையில் தட்டித் தள்ளலாம். பொருந்தும் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். அங்கே ஒரு துருச் செதில் இருந்தாலும் ஹப் சாய்வாக உட்காரும். பின்சக்கர டிரம்முக்குள்ளேயே பேரிங் வரும் கார்களில் மேலே சொன்ன பிரஸ் விதிகள் அப்படியே பொருந்தும்.

பைக் சக்கரத்தில் 6202, 6301, 6302 போன்ற எண்ணில் இரண்டு பேரிங், நடுவில் ஒரு ஸ்பேசர் குழாய் இருக்கும். ஒரு பக்கத்தை முழுதாக இறக்கி, ஸ்பேசரைப் போட்டு, மறுபக்கத்தை ஸ்பேசரைத் தொடும்வரை மட்டும் இறக்க வேண்டும். அதற்கு மேல் அடித்தால் இன்னர் ரேஸ் பக்கவாட்டில் நெருக்கப்படும். ஸ்பேசரை மறந்தால் ஆக்ஸில் நட்டை இறுக்கியதும் இரண்டு பேரிங்கும் கெடும்.

வேலை முடிந்ததும் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். புதிய சீலின் உரசலால் கொஞ்சம் கனமாகச் சுற்றுவது சரிதான், கரகரப்பும் ஆட்டமும் இருக்கக் கூடாது. பிரேக்கை நான்கைந்து முறை மிதித்துப் பேடு உட்கார்ந்த பிறகு வண்டியை எடுங்கள். 15 கி.மீ. அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டிவிட்டு, இரண்டு முன்சக்கரத்தின் நடுப்பகுதியையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். மாற்றிய பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் அங்கேயே நிறுத்திக் கழற்றிப் பாருங்கள். 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி ஒருமுறை டார்க் ரிஞ்சால் சரிபார்த்து, அலைன்மென்டுக்குக் கொண்டுபோங்கள்.